எலக்சன் பழக்கம்

தேர்தல் வந்தால் கட்சிக்காரனுக்குக் கொண்டாட்டம், சுவர் எழுதுகிறவனுக்குக் கொண்டாட்டம், பிரியாணி மாஸ்டருக்குக் கொண்டாட்டம். இவர்களையெல்லாம்விட மங்கலத்து ஆத்தப்பனுக்குத்தான் கொண்டாட்டம் அதிகம் என்றால் நம்புவீர்களா? இத்தனைக்கும் மனிதருக்கு அரசியல் வேப்பங்காய். எந்தச் சின்னத்தில் குத்தினோம் என்பது பூத்தை விட்டு வெளியே வந்ததுமே அவருக்கு மறந்துபோகும்.

சங்கதி வேறு. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள், தேர்தல் அறிவித்ததும் அதைக் கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்த பிறகு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பன்றிக்கும் களவுக்கும் பயந்து தோட்டத்துக்காரர்கள் பரணில் போட்டு வைத்திருக்கும் துப்பாக்கிகள் எல்லாம் அப்போதுதான் சாக்கைப் பிரித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வரும். மற்றவர்களுக்கு அது தண்ட அலைச்சல். ஆத்தப்பனுக்கு அது தேர்த்திருவிழா.

அவருக்குப் பழைய பட்டாளத்துத் துப்பாக்கிப் பைத்தியம். சுடுகிற பைத்தியம் இல்லை. சாமி சத்தியமாக ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. ஒரு துப்பாக்கி எங்கே செய்தது, எந்தப் பட்டாளத்தில் இருந்தது, எப்படி இந்த வறட்டுச் சீமைக்கு வந்து சேர்ந்தது என்று மூலத்தைத் தோண்டுகிற பைத்தியம். அது பிடித்த கதையும் துக்கமான கதைதான். எண்பத்தொன்றில் மஞ்சள் காமாலையில் பெண்டாட்டி சின்னாத்தாள் போய்விட்டாள். பிள்ளை இல்லை. தம்பி தன் பங்கு நிலத்தை விற்றுத் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்து, காரில் போகிற ஆளாகிவிட்டான். ஆத்தப்பன் தோட்டத்துச் சாளை வீட்டில் ஒற்றை ஆளாகச் சோறு பொங்கித் தின்றார். பேச்சுத் துணைக்கு ஈ காக்கை கிடையாது.

ஒரு மத்தியானம் பொழுது போகாமல், அப்பன் விட்டுப்போன நெட்டைத் துப்பாக்கியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். விசைக் குதிரைக்குப் பக்கத்து இரும்பில் ஏதோ கீறல் மாதிரித் தெரிந்தது. சாமி படத்துக்கு முன்னால் தட்டில் இருந்த திருநீற்றைக் கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தார். பள்ளத்தில் திருநீறு நின்றுகொள்ள, ஒரு கிரீடம் தெரிந்தது. அதற்குக் கீழே ஆங்கில எழுத்து. அதற்குக் கீழே ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு. அடேயப்பா! சீமையில் செய்து, கப்பலேறி, எத்தனை தோளில் தொங்கி, கடைசியில் தன் மடிக்கு வந்து கிடக்கிறதே என்று அவருக்கு உடம்பு புல்லரித்துப் போயிற்று. வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்துவிட்ட மாதிரி இருந்ததாம்.

அப்புறம் கேட்பானேன்! கோயமுத்தூர் துப்பாக்கிக் கடைக்காரரிடம் பழியாகக் கிடந்து முத்திரைகளைப் படிக்கக் கற்றுக்கொண்டார். அங்கே இங்கே விசாரித்து ஐந்து துப்பாக்கி சேர்த்தார். ஆளுக்கு மூன்றுக்கு மேல் கூடாது என்று சட்டம் வந்ததும் இரண்டை, பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு வந்து, இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை.

எண்பத்துநாலு டிசம்பரில் தேர்தல். ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் துப்பாக்கிக்காரர்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டிருந்தார்கள். ரைட்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தெரிந்த வேகத்தில் ரசீது எழுதிக்கொண்டிருந்தார். ஆத்தப்பனுக்குப் பக்கத்தில் கடுக்கன் போட்ட நெட்டை மனிதர் ஒருவர் வந்து உட்கார்ந்து, காடாத் துணி உறையைக் கழற்றினார். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் ஆத்தப்பனுக்கு மூச்சே நின்றது. அடியில் இரும்புப் பிடி வைத்த பழைய பட்டாளத்துத் துப்பாக்கி. அதைக் கடைக்காரர் காட்டிய படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தார்.

"ஏனுங்க, இது மார்ட்டினி தானுங்களே?"

"பேரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எங்கய்யன் வாங்குனது."

"கொஞ்சம் கையில குடுப்பீங்களா?"

"கையில என்னங்க, மடியிலயே வெச்சுப் பாருங்க. நம்ம ஊட்டுச் சரக்குக்கு இப்படி ஒரு மரியாதையா!"

ஆத்தப்பன் இடுப்பில் இருந்த திருநீற்றுப் பையை அவிழ்த்தார். தேய்த்தார். இரண்டு அம்புகள் முகத்தோடு முகம் முட்டிக்கொண்டு தெரிந்தன.

"ஒத்தை அம்புன்னா சர்க்கார் சொத்துங்க. ரெண்டு அம்பு இப்படி முட்டிட்டு நின்னா, சர்க்காரே வித்துட்டாங்கன்னு அர்த்தம். திருட்டு மாலில்லீங்க இது."

"அப்பாடா! அப்ப எங்கய்யன் யோக்கியருன்னு சொல்லுங்க. இத்தனை வருசமா எனக்குச் சந்தேகமா இருந்துச்சுங்க," என்று அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் பாரா போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

சாமியப்பன் என்று பெயர். சோமனூருக்கு இந்தப் பக்கம் ஊர். சொந்தமாகத் தறிக் குடோன். துப்பாக்கிக் கட்டையில் ஒரு பித்தளை வில்லை பதித்து, அதில் மூன்று ஆங்கில எழுத்து வெட்டியிருந்தது. எம், ஆர், வி. அது என்ன என்று ஆத்தப்பனுக்கும் தெரியவில்லை. இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அதைப் பார்த்தார்கள். ரைட்டர் இரண்டு தடவை கூப்பிட்டது இருவர் காதிலும் விழவில்லை. ரசீது வாங்கிய பிறகும் டீக்கடையில் பொழுது சாய்கிற வரை பேச்சு ஓயவில்லை. பிரிகிறபோது, "ஒரு நாளைக்கு ஊட்டுப் பக்கம் வாங்க" என்றார் சாமியப்பன். "நீங்களும் வாங்க" என்றார் ஆத்தப்பன்.

வெளியூர்க்காரர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் சீமையில் 'ஊட்டுப் பக்கம் வாங்க' என்பது வாய் மரியாதை. அதை நம்பி ஒருவன் மறுநாளே போய் நின்றால் அவனுக்கு இங்கிதம் தெரியாது என்று அர்த்தம். முறையான அழைப்பு என்றால் ஒரு விசேஷத்தைச் சாக்கிட்டு, வீடு தேடி வந்து, வெற்றிலை பாக்கோடு சொல்ல வேண்டும். ஆத்தப்பன் வீட்டில் என்ன விசேஷம்? பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, காதுகுத்த ஒரு காது இல்லை. ஆகவே அவர் யாரையும் அழைக்கவில்லை. சாமியப்பனும் அழைக்கவில்லை. அடுத்த தேர்தல் வரட்டும் என்று இருவரும் இருந்துவிட்டார்கள்.

எண்பத்தொன்பதில் ஒரே வருடத்தில் இரண்டு தேர்தல் வந்தது. ஆத்தப்பனுக்கு நாட்டு நடப்பில் அதைவிட நல்ல வருடம் கிடையாது. கொண்டுபோய்க் கொடுக்க ஒரு நாள், திரும்ப வாங்க ஒரு நாள், இப்படி இரண்டு தடவை. ஒவ்வொரு முறையும் முதல் நாளே சவரம் பண்ணி, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போவார். அந்த வருடம்தான் சாமியப்பன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"பையன் குருசாமிக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னால கல்யாணம் வெச்சனுங்க. உங்களுக்குச் சொல்லோணும்னு நெனைச்சு, தோட்டம் எதுன்னு தெரியாம வுட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"அதுக்கென்னுங்க. நல்லா இருக்கட்டும்," என்றார் ஆத்தப்பன். மனதில் வைத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு அழைக்காத வீட்டுக்கு அப்புறம் ஒருவன் எந்தச் சாக்கில் போவது? கதவு இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டது.

தொண்ணூற்றொன்றில் மறுபடி தேர்தல். வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தவரை ஆத்தப்பனுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. கடுக்கன் மட்டும்தான் பழையது. கன்னம் ஒட்டி, தோள் சரிந்து, பாதி ஆளாக இருந்தார்.

"குருசாமி போயிட்டானுங்க," என்றார். "போன ஐப்பசி மழையில. குடோன்ல தறி மோட்டார்ல கரண்ட் அடிச்சு..."

ஆத்தப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் துக்கம் எப்படிக் கேட்பது? நாலு பேர் நடுவில் அழக்கூட முடியவில்லை. "ஒரு நாள் வந்து கேக்கறனுங்க" என்று மட்டும் சொன்னார். சாமியப்பன் தலையாட்டிவிட்டு, உறையோடு இருந்த துப்பாக்கியை மெதுவாக அவர் பக்கம் தள்ளினார்.

"குறி கேட்டமுங்க. ஊட்டுக்குள்ள ஒரு இரும்பு இருக்குது, மனுச ரத்தம் பார்த்த இரும்பு, அதோட பழிதான்னு வந்துச்சு. பேத்தி ஒண்ணு இருக்குதுங்க, தாத்தான்னுட்டு ஓடி வருது. நான் தொடறதில்லீங்க. எம் பழி அதுக்கு ஒட்டப்படாதில்ல?"

"சாமியப்பண்ணா, இதைச் சர்க்கார்கிட்டயே குடுத்துப் போடுங்க."

"குடுத்தாப் பழி போயிருமுங்களா? இது ஆளைக் கொன்னுச்சா இல்லியான்னு தெரியோணும். கொன்னிருந்தா அதுக்குண்டான பரிகாரம் பண்ணோணும். அது தெரியற வரைக்கும் அந்தக் கொழந்தையத் தொட மாட்டேன்னு இருக்கறனுங்க. நீங்கதான் இதெல்லாம் படிக்கற ஆளு. இது எங்க இருந்துச்சுன்னு கண்டுபுடிச்சுச் சொல்லுங்க."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. நனைந்த ஒயரும் வெறுங்காலும் செய்த வேலைக்குப் பாவம் அந்தத் துப்பாக்கி என்ன பண்ணும்? ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் போய் இந்த நியாயத்தைச் சொல்ல முடியுமா? ஆத்தப்பன் சொல்லவில்லை. "கண்டுபுடிச்சுச் சொல்றனுங்க" என்று வாக்குக் கொடுத்தார்.

வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. எம், ஆர், வி என்ற மூன்று எழுத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு கோயமுத்தூர், ஊட்டி, வெலிங்டன் என்று அலைந்தார். வயதான பட்டாளத்துக்காரர்களைத் தேடிப் போய்க் கேட்டார். கேட்டவன் எல்லாம் கையை விரித்தான். தொண்ணூற்றிரண்டில் ஒரு நாள் கடைக்காரர், போத்தனூரில் ஒரு ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர், பழைய சாமான் வைத்திருக்கிறார், பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். அந்த வீட்டு முன்னறை அலமாரியில் ஒரு வெள்ளிக் கோப்பை. அதில் அதே மூன்று எழுத்து! பக்கத்தில் மாட்டியிருந்த போட்டோவில் வரிசையாக நிற்கிற ஆட்கள் கையில் அதே மார்ட்டினி.

"மெட்ராஸ் ரயில்வே வாலன்டியர்ஸ். எங்க தாத்தா அதுல இருந்தார்," என்றார் கிழவர். ரயில்வேக்காரர்களே ஞாயிற்றுக்கிழமை சீருடை போட்டுக்கொண்டு நடத்திய தொண்டர் படை.

"இவங்க சண்டைக்குப் போனாங்களா துரை?"

கிழவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்க சண்டை! தாத்தா சொல்லுவார், காலையில சர்ச்சு, அப்புறம் மரப்பலகையைச் சுடுறது, அப்புறம் பீர். அந்தத் துப்பாக்கி எல்லாம் போத்தனூரைத் தாண்டினதே ஏலம் போட்ட அன்னிக்குத்தான்."

ஆத்தப்பன் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரும்புகிற பஸ்ஸில் அவருக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. ஒரு உயிரைக்கூட எடுக்காத துப்பாக்கி! நாளைக்கே போய்ச் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் கிளம்பவும் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு பழக்கடை முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். கையில் என்ன கொண்டுபோவது? நல்ல சேதி சொல்லப் போகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது. ஆனால் அந்த வீட்டுக்கு அவர் இன்னும் துக்கமே கேட்கவில்லையே! துக்கம் கேட்கப் போகிறவன் பழமும் பூவும் கொண்டுபோனால் செருப்பால் அடிப்பார்கள். சரி, துக்கம்தான் முதலில் என்றால், வருடம் திரும்பித் திதியும் கொடுத்தாகிவிட்டது. ஆறின புண்ணை இப்போது போய்க் கீறலாமா? அதுவும் யார் என்று போவது? மாமன் மச்சான் முறையா, பங்காளியா? பெண்டுகள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்குள், பெண்டாட்டி இல்லாத ஒற்றை ஆம்பளை, கல்யாணத்துக்கும் அழைக்கப்படாதவன், எப்படி நுழைவது? சோமனூர் பஸ் வந்தது, போயிற்று. இன்னொன்று வந்தது, அதுவும் போயிற்று. ஆத்தப்பன் சாளைக்குத் திரும்பினார்.

ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாமே என்பீர்கள். எனக்கும் அந்த ஆத்திரம் உண்டு. உண்மையைச் சொன்னால், அவருக்கு அதை எழுத மனம் வரவில்லை. அந்தச் சேதி ஒன்றுதான் அவர் கையில் இருந்த செல்வம். வேப்பமரத்தடியில் பக்கத்தில் உட்கார்ந்து, வில்லையில் திருநீறு தேய்த்து, கோப்பை, போட்டோ, கிழவர் சிரித்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, சாமியப்பன் முகம் தெளிகிறதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த ஆசையை மனிதர் விடவில்லை. தனியாகவே இருந்து பழகினவனுக்கு ஒரு நல்ல பேச்சு கிடைத்தால் அதைச் செலவழிக்கக்கூடக் கை வராது போலிருக்கிறது.

தேர்தல்தான் வந்தபாடில்லை. எண்பத்தொன்பதுக்கு அப்புறம் கவிழ்ந்து கவிழ்ந்து விழுந்த ஆட்சிகள், இப்போது பார்த்து, மேலே டில்லியிலும் கீழே மெட்ராஸிலும் அரச மரமாய் வேர் விட்டு உட்கார்ந்துகொண்டன. டீக்கடையில் எவனாவது, "கவுந்துருமாட்ட இருக்குதப்பா" என்றால் ஆத்தப்பன் ஓடிப்போய் நிற்பார். பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஒன்றும் கவிழாது. "உங்களுக்கென்னுங்க அந்தக் கட்சி மேல அத்தனை கோவம்?" என்று கேட்பார்கள். அவர் என்ன சொல்வார்!

அந்த வருடங்கள் அவருக்குப் பொல்லாத வருடங்கள். கிழக்கே ஒரு சாயப்பட்டறை வந்தது, மேற்கே ஒரு கம்பெனி வந்தது. கிணற்றுத் தண்ணீர் சில நாள் சிவப்பாக வந்தது, சில நாள் ஊதாவாக வந்தது. தோட்டங்களுக்கு நடுவே மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்த இட்டேரியில் லாரி போயிற்று. ஷிப்ட் விட்டால் நூற்றுக்கணக்கான ஆட்கள் அவர் வேலியை ஒட்டி நடந்துபோவார்கள். ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. மூன்று துப்பாக்கியையும் கட்டிலில் கிடத்தி, எண்ணெய் போட்டுக்கொண்டே, சாமியப்பனிடம் சொல்லப் போகிறதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். "இல்லீங்கண்ணா, ஒரு உசுரு கூட இல்லீங்க" என்று முடிப்பார். முடித்ததும் சாளை மறுபடி அமைதியாகிவிடும்.

தொண்ணூற்றாறில் ஒருவழியாகத் தேர்தல் வந்தது. அறிவிப்பு வந்த மறுநாளே, முதல் ஆளாக ஆத்தப்பன் வேப்பமரத்தடியில் இருந்தார். துப்பாக்கிகளை ஒப்படைத்தார், ஆனால் போகவில்லை. பொழுது சாயும்வரை கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் வந்தார். கெடு முடிகிற நாளும் வந்தார். கடைசியில் ரைட்டரிடம் போய் நின்றார்.

"சோமனூர்ப் பக்கத்துச் சாமியப்பன் இன்னும் வரலீங்களே?"

"அவரா? அந்த லைசென்ஸ் போன வருசமே ரத்தாயிருச்சே. ஆள் இறந்துட்டார்ங்க. துப்பாக்கியைக் குடும்பத்துல சரண்டர் பண்ணி, அது கோயமுத்தூர் போயிருச்சு."

ஆத்தப்பன் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தார். வந்த பஸ்ஸில் ஏறினார். அன்றைக்கு என்ன கிழமை, கையில் என்ன இருக்கிறது, என்ன முறை என்று ஒன்றையும் அவர் யோசிக்கவில்லை. இறங்கி, இரண்டு பேரிடம் கேட்டு, தறிச் சத்தம் கேட்கிற ஒரு வீட்டு வாசலில் போய் நின்றார்.

ஒரு இளம்பெண் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். செத்துப்போன குருசாமியின் பெண்டாட்டி, மயிலாள்.

"யாருங்க நீங்க?"

"சாமியப்பண்ணன் ஊடு... துக்கம் கேக்க வந்தனுங்க."

"மாமனுக்கு நீங்க என்ன முறையாகோணுங்க? எழவு சொல்லி வுட்டப்போ உங்களுக்குச் சொல்லலீங்களே."

ஆத்தப்பன் திணறினார். "முறையெல்லாம் இல்லீங்க கண்ணு. எலக்சன்ல பழக்கம்."

"எந்தக் கட்சிங்க?"

"கட்சியில்லீங்க. துப்பாக்கி குடுக்க வரும்போது..."

மயிலாள் முகம் மாறியது. "மங்கலத்துக்காரருங்களா? வாங்க, உள்ள வந்து உக்காருங்க. உங்களைப் பத்திப் பேசாத நாளில்லீங்க எங்க மாமன்."

அவர் உள்ளே போகவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, வாய்க்குள் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்ததைக் கொட்டினார். வெள்ளிக் கோப்பையும் வரவில்லை, போட்டோவும் வரவில்லை. "அந்தத் துப்பாக்கி ஆளைக் கொல்லலீங்க, கண்ணு. போத்தனூர்ல ரயில்வேக்காரங்க வெச்சுப் பலகையச் சுட்டது. ஒரு உசுரு கூட இல்லீங்க" என்பது மட்டும்தான் வந்தது.

மயிலாள் அவர் முன்னால் வந்து நின்றாள். பிறகு, "எப்பத் தெரிஞ்சுதுங்க உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"தொண்ணூத்திரெண்டுல."

"மாமன் போனது தொண்ணூத்தஞ்சு ஆவணியிலங்க." அவள் குரல் உயரவே இல்லை. "கடைசி வரைக்கும் புள்ளையத் தொடவே இல்லீங்க. காச்சல்ல கெடந்தப்போ அது கட்டல்கிட்டப் போயி நின்னுச்சு. கையக் காட்டித் தள்ளிப் போகச் சொன்னாரு. அது இன்னும் கேக்குதுங்க, தாத்தனுக்கு என்னை ஏம்மா புடிக்காதுன்னு."

 மயிலாள் தூணில் சாய்ந்துகொண்டு, நினைவு வந்தவளாகச் சொன்னாள்.

"தொண்ணூத்திமூணுல பொங்கல் கழிஞ்சு, மாமன் உங்களைத் தேடிட்டு மங்கலம் வந்தாருங்க. கேட்டுக் கேட்டு உங்க தோட்டத்து இட்டேரி வரைக்கும் வந்துட்டாராமா. நீங்க சோளத்துக்குத் தண்ணி கட்டிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னீங்களாமா. கல்யாணத்துக்கே கூப்புடாதவன், எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போயி நிக்கறதுன்னு அப்படியே திரும்பிட்டாருங்க. எலக்சன் வருமல்ல, அங்க பாத்துக்கறேன்னாரு."

"அய்யோ சாமி!" ஆத்தப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "இட்டேரி வரைக்கும் வந்தவரு ஒரு சத்தம் போட்டிருக்கப்படாதா? அப்பவே எனக்குத் தெரியுமுங்களே! ஒரு சத்தம் போட்டிருந்தா..."

மயிலாள் அவரைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. தெரியாததைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"நீங்களும் வந்திருக்கலாமல்லங்க? பஸ்ஸு இருக்குதுங்களே."

 ஆத்தப்பன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, முன்பின் வந்தறியாத அந்த வாசலில் உட்கார்ந்து, ஓவென்று அழுதார்.